35 எடுத்தால் பாஸா?

தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி முடித்ததும் பல் டாக்டரின் பார்வை முதலில் போவது ராட்செட்டின் கோட்டுக்குத்தான். 35-ஐத் தொட்டிருந்தால் முகம் மலர்கிறது. 20-இல் நின்றுவிட்டால் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. பிறகு திருகின் தலையில் ஒரு சிறு குச்சியைப் பொருத்தி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை அதன் அருகே கொண்டுபோகிறார்கள். திரையில் 72 என்று வருகிறது. "சூப்பரா பிடிச்சிருக்கு சார், 72 வந்திருக்கு" என்று நோயாளிக்குச் சொல்லப்படுகிறது. எத்தனைக்கு 72, எதில் 72 என்று கேட்காமல் அவரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கும் பாஸ் மார்க் 35, இம்ப்ளான்ட் டார்க்குக்கும் 35. தற்செயல்தான் என்றாலும் இரண்டையும் நாம் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம். 34 வாங்கியவன் தோற்றவன், 35 வாங்கியவன் தேறியவன். வார இறுதிப் பயிற்சி வகுப்புகளிலும், கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் வழவழப்பான கையேடுகளிலும், மாநாட்டு மேடைகளிலும் ஓதப்படுவது இதுதான்: முதல் நாள் எண் உயர்ந்திருந்தால் இம்ப்ளான்ட் நிலைக்கும், தாழ்ந்திருந்தால் விழும், ஆகவே எண்ணை உயர்த்துவதே அறுவையில் கைத்திறன். இந்த மூன்றில் முதல் இரண்டும் அரைகுறை உண்மை. மூன்றாவது கேடு.

அளக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாய்க் கண்ணாடியின் கைப்பிடியால் திருகைத் தட்டி, கணீரென்று கேட்டால் நல்லது, மந்தமாகக் கேட்டால் சந்தேகம் என்று தீர்ப்புச் சொன்ன காலத்துக்குத் திரும்பவும் எனக்கு ஆசையில்லை. எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அளப்போம் என்பதுதான் என் கட்சி.

டார்க்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. இம்ப்ளான்ட்டின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் பக்கச் சுவர் முழுக்க எலும்பு காட்டும் எதிர்ப்பு மொத்தம் 175 நியூட்டன், கிட்டத்தட்ட 18 கிலோ. இந்த எதிர்ப்பில் எலும்பின் தரத்துக்கு ஒரு பங்கு உண்டு. மீதியெல்லாம் வேறு கணக்கு: திருகின் மரை எலும்பை வெட்டிக்கொண்டு போவதற்கான எதிர்ப்பு, துளை சிறியதாக இருப்பதால் வரும் நெருக்கல், சொரசொரப்பான மேற்பரப்பு தரும் உராய்வு, திருகு நேர்வடிவமா கூம்பு வடிவமா என்ற வித்தியாசம். ஒரே தாடை, ஒரே இடம், ஒரே 4 மில்லிமீட்டர் திருகு. கடைசி ட்ரில்லை 3.5-இல் முடித்தால் ஒரு எண் வரும், 2.8-இல் நிறுத்திக்கொண்டால் அதைவிடக் கணிசமாகக் கூடுதலான எண் வரும். எலும்பு மாறவில்லை, டாக்டர் எடுத்த ட்ரில்தான் மாறியது. அப்படியிருக்க அந்த எண்ணை எலும்பின் குணம் என்று எழுதிவைப்பது எப்படிச் சரி?

மேல்தாடையின் பின்பக்கத்தில் இறங்கியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அங்கே ட்ரில் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். வெளியே எடுத்தால் அதன் பள்ளத்தில் வெண்துகள் இருக்காது. ரத்தம் கலந்த கொழகொழப்புத்தான் ஒட்டியிருக்கும். திருகை இறக்கும்போது முக்கால் ஆழம் வரைக்கும் ராட்செட் 10, 12 என்றே சோம்பிக் கிடக்கும். கடைசி அரைச் சுற்றில் திருகின் கழுத்து, மேலோடாக இருக்கும் மெல்லிய கெட்டி எலும்பில் முட்டியதும் சட்டென்று 40-க்குத் தாவும். கேஸ் ஷீட்டில் ஏறுவது அந்த 40 மட்டும்தான். பத்து மில்லிமீட்டர் திருகில் ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே பிடித்திருக்கிறது, மீதி மஜ்ஜையில் மிதக்கிறது என்ற தகவல் எங்கேயும் பதிவாகவில்லை. உச்ச எண்ணை விட்டுவிட்டு, இறங்க இறங்க முறுக்கு எப்படி ஏறியது என்ற வளைகோட்டைப் பார்க்கும் மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களும் கடைசியில் கேட்பது, "பீக் எவ்வளவு?"

ராட்செட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிரிங் வைத்த ராட்செட்டை நாள்தோறும் ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தால் அதன் துல்லியம் தளரும். அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். எத்தனை கிளினிக்கில் சரிபார்க்கிறார்கள் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

திரையில் வரும் 72-க்கு வருவோம். இதன் பெயர் ஐ.எஸ்.கியூ. இங்கிலாந்தின் நீல் மெரிடித்தும் கூட்டாளிகளும் 1996-இல் வெளியிட்ட அதிர்வெண் முறைதான் இதன் மூலம். பிறகு ஸ்வீடனின் கோதன்பர்க்கிலிருந்து ஆஸ்டெல் என்ற கருவியாக அது சந்தைக்கு வந்தது. நுனியில் காந்தம் வைத்த ஒரு சிறு அலுமினியக் குச்சியை, ஸ்மார்ட்பெக்கை, இம்ப்ளான்ட்டில் திருகுகிறோம். கருவி காந்தத் துடிப்புகளை அனுப்பி அதை அதிரவைக்கிறது. எந்த அதிர்வெண்ணில் அது அதிகமாக ஆடுகிறதோ, அந்த அதிர்வெண்ணை 1 முதல் 100 வரையிலான அளவுகோலுக்கு மாற்றித் திரையில் காட்டுகிறது. எண் கூடினால் விறைப்பு கூடுதல். 60-க்குக் கீழே குறைவு, 70-க்கு மேலே அதிகம் என்று கம்பெனியே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது.

நல்ல இயற்பியல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அளப்பது பக்கவாட்டில் வளைக்கும்போது திருகும் எலும்பும் சேர்ந்து காட்டும் விறைப்பை. டார்க் அளப்பது சுழலும்போது வரும் உராய்வை. இரண்டும் வேறு வேறு. அதனால்தான் ராட்செட்டில் பிடிப்பே இல்லாமல் சுழலும் திருகிலும் சில சமயம் 60-க்கு மேல் ஐ.எஸ்.கியூ. வந்து டாக்டரைக் குழப்புகிறது. அது கருவியின் கோளாறு அல்ல. நீண்ட திருகு இரண்டு முனையிலும் கெட்டி எலும்பில் சாய்ந்து நின்றால் பக்கவாட்டில் ஆடாது, ஆனால் சுழலும். நாம்தான் இரண்டு கேள்விகளுக்கு ஒரே பதிலை எதிர்பார்க்கிறோம்.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம். கருவியை உதட்டுப் பக்கமிருந்து பெக்கை நோக்கிக் காட்டுங்கள். 64 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கையை 90 டிகிரி திருப்பிப் பக்கத்துப் பல்லின் திசையிலிருந்து காட்டினால் அதே திருகில் 73 வரலாம். உதட்டுப் பக்கச் சுவர் மெல்லியது, அந்தத் திசையில் விறைப்பு குறைவு என்பதால் அப்படி. எந்த எண்ணை எழுதுவீர்கள்? இரண்டையும் எழுத வேண்டும் என்பது பாடம். பெரியதை எழுதுவதுதான் பழக்கம். இதோடு, எலும்புக்கு மேலே திருகு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் எண்ணை மாற்றும். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் எலும்பு குறைந்தாலே சில புள்ளிகள் இறங்கிவிடும். பெக்கைச் சரியாக முடுக்காவிட்டாலும், பலமுறை பயன்படுத்தி அதன் மரை தேய்ந்திருந்தாலும் எண் சரியும். ஒரு கம்பெனித் திருகில் வந்த 70-ஐயும் வேறு கம்பெனித் திருகில் வந்த 70-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு அர்த்தமே இல்லை.

சரி, இத்தனை குழப்பம் இருந்தாலும் முன்கூட்டியே எச்சரிக்குமே என்பார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஹுவிலர் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை நன்றாக அசைத்தது. 24 இம்ப்ளான்ட்டுகள். துளைபோடும்போது எடுத்த எலும்பை மைக்ரோ சி.டி.யில் அளந்து, பிறகு வாராவாரம் ஐ.எஸ்.கியூ.வைப் பதிவு செய்தார்கள். எலும்பின் கட்டமைப்புக்கும் எண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. அந்த 24-இல் ஒன்று மூன்றாவது வாரத்தில் பிடிப்பு இழந்தது. அதன் எண் 68-லிருந்து 45-க்கு விழுந்திருந்தது. ஆனால் அந்த 45 வந்தது, இம்ப்ளான்ட் ஆடுவதை டாக்டர்கள் கையால் கண்டுபிடித்த பிறகு! அதுவரை அது 68 என்ற மரியாதையான எண்ணோடுதான் உட்கார்ந்திருந்தது.

ஏன் இப்படி? எலும்பு உயிருள்ளது என்பதை இந்த எண்கள் கணக்கில் எடுப்பதில்லை. பல் இம்ப்ளான்ட் என்ற துறையே பிறந்த கதையை நினைத்துப் பாருங்கள். 1952-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடுகளைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. அதைப் பிடித்துவைத்தது முறுக்கிய விசை அல்ல, பிறகு வளர்ந்த எலும்பு. 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த பிறகும் அவர் முறையின் அச்சாணி காத்திருத்தல்தான். திருகை ஈறுக்குள் மூடி, கீழ்த்தாடையில் மூன்று நான்கு மாதம், மேல்தாடையில் ஐந்தாறு மாதம் தொடாமல் விட்டார். 1982-இல் டொராண்டோ மாநாட்டில் உலகம் அவரை ஏற்றுக்கொண்டபோது அவர் கையில் இருந்தது ஆண்டுக்கணக்கான தொடர் கண்காணிப்பு. ஐ.எஸ்.கியூ. என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை.

திருகை இறக்கிய நொடியில் இருப்பது இயந்திரப் பிடிப்பு. நெருக்கப்பட்ட எலும்பு கொஞ்ச நேரத்திலேயே தளரத் தொடங்கும். அதன் இயல்பு அது. அடுத்த நாட்களில், நசுங்கியும் விரிசல் விட்டும் போன எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கரைத்து அப்புறப்படுத்தும். அந்த இடத்தில் புது எலும்பு பின்னப்பட்டு மெல்ல முதிரும். பழைய பிடிப்பு குறைந்துவிட்டது, புதியது இன்னும் வரவில்லை என்ற இடைவெளி மூன்றாவது நான்காவது வாரத்தில் விழுகிறது. பேரெவால் குழு 2003-இல் அளந்தபோது எல்லா வகை எலும்பிலும் மிகத் தாழ்ந்த நிலை மூன்றாவது வாரம்தான். நான்காம் வகை மென்மையான எலும்பில் சரிவு மிக அதிகம். அதாவது எந்த நாளில் நாம் உயர்ந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்தோமோ, அதிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் ஆபத்து வருகிறது. அன்று யாரும் அளப்பதில்லை.

இதைவிடச் சுவாரஸ்யமான ஒன்று உண்டு. தொடர்ந்து அளந்தவர்கள் மீண்டும் மீண்டும் கண்டது: உயர்ந்த எண்ணில் தொடங்கும் திருகுகள் கொஞ்சம் இறங்குகின்றன, தாழ்ந்த எண்ணில் தொடங்குபவை ஏறுகின்றன. சில மாதங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. முதல் நாளில் 58-க்கும் 74-க்கும் இருந்த இடைவெளியைக் காலமும் உயிரும் சேர்ந்து அழித்துவிடுகின்றன. அந்த இடைவெளியை வைத்துத்தான் நாம் ஒருவரைப் பாராட்டவும் இன்னொருவரைக் கழற்றி வீசவும் செய்கிறோம்.

கேடு என்று நான் சொன்ன இடம் இதுதான். எண்ணைத் துரத்தும்போது டாக்டர் துளையைச் சிறிதாக்குகிறார், கூம்புத் திருகைத் தேடுகிறார், 35 போதாது 50, 70 என்று முடுக்குகிறார். மென்மையான எலும்பில் துளையைக் கொஞ்சம் சிறிதாக்குவதில் தவறில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம், கெட்டியான முதல் வகை எலும்பில் இதையே செய்தால்? அங்கே ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. துளை போடும் சூட்டுக்கே அஞ்ச வேண்டிய இடம். எலும்பு 47 டிகிரியை ஒரு நிமிடம் தாங்கினாலே சேதம் தொடங்கும் என்று எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983-இலேயே முயலில் காட்டிவிட்டார்கள். அதன்மேல் இந்த நெருக்கலும் சேர்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஜில் ஹெல்ம்ஸ் குழு 2015-இல் சுண்டெலிகளில் பார்த்தபோது, அதிக முறுக்கில் இறக்கிய திருகைச் சுற்றி எலும்புச் செல்கள் செத்துக் கிடந்தன. கரைந்து போன எலும்பின் பரப்பும் கூடுதல். முதல் நாள் கெட்டியாக இருந்த அதே இடம்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியை மறைக்கக் கூடாது. இத்தாலியின் பாவ்லோ ட்ரிசி குழு 2011-இல் செம்மறியாட்டுத் தாடையில் 100-ஐத் தாண்டிய டார்க்கிலும் திருகுகளை இறக்கியது. எலும்பு சாகவில்லை, திருகும் விழவில்லை. "பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை" என்று மேடைகளில் இந்த ஆய்வைக் காட்டுகிறார்கள். ஆய்வு நேர்மையானது. ஆனால் செம்மறியாட்டின் கீழ்த்தாடை கட்டுறுதியான தடித்த எலும்பு. மனிதனின் மேல் முன்பல் வரிசையில் உதட்டுப் பக்கச் சுவர் பல நேரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நெருக்கல் முழுவதும் அந்த மெல்லிய சுவரின் மேல்தான் விழும். அதே இத்தாலியில் பரோனே குழு 2016-இல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டது. 50-க்கு மேல் முறுக்கப்பட்டவர்களிடம், முகப்பக்க எலும்பு இழப்பும் ஈறு இறக்கமும் ஓராண்டில் கூடுதலாக இருந்தன. இம்ப்ளான்ட் விழாமல் நிற்கலாம்தான். சிரித்தால் ஈறுக்கு மேலே சாம்பல் கோடு தெரியும் இம்ப்ளான்ட்டை வெற்றி என்று எண்ணுவோர் எண்ணிக்கொள்ளட்டும்.

அப்படியானால் அன்றைக்கே பல் கட்டுவது எப்படி, அதற்கு ஏதோ ஒரு வரம்பு வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உண்மையில் தடுக்க வேண்டியது நுண்ணசைவை. திருகு 50 முதல் 150 மைக்ரான் வரை ஆடினால் தாங்கலாம், அதற்கு மேல் ஆடினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணிப்பு. அதை வாய்க்குள் நேரடியாக அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. டார்க்கும் ஐ.எஸ்.கியூ.வும் அதன் அடையாளங்கள் மட்டுமே. ட்ரிசி குழுவே 2009-இல் மாட்டெலும்பில் சோதித்தபோது, மென்மையான எலும்பில் 35-க்கு மேல் முறுக்க முடியவில்லை. அதில் நுண்ணசைவும் அதிகமாகவே இருந்தது. பாஸ் மார்க்கைத் தொட்டும் ஆட்டம் நிற்கவில்லை என்று பொருள்.

நுண்ணசைவை அடக்க வேறு வழிகள் இருக்கின்றன. பல திருகுகளை ஒரே சட்டத்தால் இணைத்துவிட்டால் சுமை பங்கிடப்படும். ஸ்விட்சர்லாந்தின் லெடர்மான் 1970-களின் இறுதியிலேயே கீழ்த்தாடையில் நான்கு திருகுகளைக் கம்பியால் இணைத்து உடனே பல் செட் மாட்டினார். நான்கே திருகுகளில் முழுப் பல்வரிசையைத் தாங்கும், லிஸ்பனில் பாவ்லோ மாலோ பிரபலப்படுத்திய ஆல்-ஆன்-4 முறையும் இந்த இணைப்பின் பலத்தில்தான் நிற்கிறது. ஒற்றைப் பல் என்றால் எதிர்ப்பல் படாதபடி தற்காலிகக் கிரவுனைக் குறைத்துவிடலாம். அந்தப் பக்கம் கடிக்காதீர்கள் என்று நோயாளியிடம் சொல்லி, அவர் கேட்பார் என்று நம்புவது தனிக்கதை. பிரிட்டனின் மைக்கேல் நார்ட்டன் 2011-இல் வெளியிட்ட தொடரில் பல் பிடுங்கிய குழியில் 25-க்கும் கீழான டார்க்கில் வைத்து உடனே பல் கட்டிய ஒற்றை இம்ப்ளான்ட்டுகளும் பெரும்பான்மை பிழைத்தன. 25-இல் கட்டலாம் என்று புது வரம்பு போட அதைப் பயன்படுத்தாதீர்கள். வரம்பு என்று கற்பித்தது வரம்பல்ல என்பதற்குத்தான் அதைச் சொல்கிறேன்.

15 டார்க்கில் நிற்கும் திருகைக் கண்டு கை நடுங்க வேண்டியதில்லை. கழற்றி, இன்னும் தடித்த திருகைத் திணிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். கவர் ஸ்க்ரூ போட்டு, ஈறை மூடித் தைத்து, மூன்று மாதம் விடலாம். பிரோனமார்க் செய்தது அதுதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரோ, புகைப்பவரோ என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடலாம். ஐ.எஸ்.கியூ.வின் உண்மையான பயனும் இங்கேதான். அதே திருகு, அதே வகைப் பெக், அதே இரண்டு திசை. முதல் நாள் ஒன்று, ஆறாவது அல்லது எட்டாவது வாரம் ஒன்று. 58-லிருந்து 66-க்கு ஏறிய திருகை நம்பிக் கட்டுவேன். 76-லிருந்து 64-க்கு இறங்கியதைக் கட்டமாட்டேன், அது இன்னமும் கம்பெனிக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது என்றாலும்.

கடைசியாக ஒரு வாதம் வரும், பெரும்பாலும் காபி குடிக்கும்போது, குரலைத் தாழ்த்தி: "நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் கையில் ஒரு எண் இருக்க வேண்டாமா?" இருக்கட்டும். கூடவே எலும்பு எந்த வகை, கடைசி ட்ரில் எது, முறுக்கு எந்த ஆழத்தில் ஏறியது, பெக் எந்த எண், எந்தத் திசையில் எவ்வளவு, அடுத்து எப்போது அளந்தோம் என்பதெல்லாம் இருக்கட்டும். இவை எதுவும் இல்லாமல், அறுவை நாளில் 75 என்று கொட்டை எழுத்தில் எழுதி, நோயாளியிடமும் அதைப் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தால், ஐந்தாவது வாரம் திருகு கையோடு வந்த வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. "75 வந்த இம்ப்ளான்ட் எப்படி டாக்டர் விழும்? அப்ப நீங்கதானே ஏதோ தப்பு பண்ணியிருக்கணும்?" என்று கேட்பார். அதற்குப் பதிலாகக் காட்ட அந்தக் கேஸ் ஷீட்டில் ஒரு வரியும் இருக்காது.